முதல் திரையிடல் முக்கூடலில்

(பாளையங்கோட்டையில் ஊடகத்துறை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

முக்கூடல் மாதிரி ஊர்களில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களுக்குப் பஞ்சமில்லை. மடியில் தட்டு, விரலுக்கு ஒரு குளோசப், பின்னால் சோகமாக ஒரு வயலின். பரிசும் கிடைத்துவிடும். அந்த அக்கா படத்தைப் பார்த்தார்களா என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

படத்தில் வந்தவர்களுக்கே முதலில் காட்டிய ஓர் இடத்தைச் சொல்கிறேன். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டி ஃபோகோ என்று ஒரு தீவு. மீன்பிடித் தொழில் நொடித்துப்போய், ஊரைக் காலி செய்யுங்கள் என்று அரசு நெருக்கிய நேரம். 1967இல் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையும் தேசியத் திரைப்பட வாரியமும் அங்கே போயின. இயக்குநர் காலின் லோ சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். பேசியவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் படத்தின் அந்தப் பகுதி வெளியே போகாது. பிறகு தீவில் ஊர் ஊராகத் திரையிட்டார்கள். அடுத்த ஊருக்கும் அதே குறைதான் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அமைச்சருக்கும் படம் போனது. அவர் சொன்ன பதிலையும் படமாக்கித் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது, மக்கள் தீவிலேயே இருந்தார்கள். எல்லாம் படம் செய்த வேலை என்று சொல்லமாட்டேன். சங்கத்துக்கான முயற்சி முன்பே அங்கே இருந்தது.

நமக்கு இது புதிதா என்ன? கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் சாமி கதையில் ஓரிடத்தைத் தாண்டிவிட்டால், கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் நிறுத்திக் கேட்பாரே. கேமராக்காரரை மட்டும் ஏன் கேட்கக்கூடாது?

வடிவமைப்பு படிக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. விழிப்புணர்வு போஸ்டரைச் சொல்லவில்லை. சுவரில் ஏற்கெனவே இடமில்லை. கூலிக் கணக்கைச் சொல்கிறேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடி இலையும் புகையிலைத் தூளும் எடைபோட்டுத் தருகிறார்கள். இலை மோசமானால் ஆயிரம் தேறாது; கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கையில் சரியில்லை என்று கழிப்பது தனி. வீட்டிலிருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று 1966லேயே சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் தகராறு என்று வந்தால் அந்த அம்மா கையில் என்ன எழுத்து இருக்கிறது? வாங்கிய இலை, தேறிய பீடி, கழித்தது, சொந்தக் காசில் வாங்கியது எல்லாம் ஒரே பக்கத்தில் அவர்களே குறிக்கும்படி ஒரு நோட்டு வேண்டும். அதைக் கல்லூரிக் கணினியில் உட்கார்ந்து செய்ய முடியாது. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் முடிகிற காரியமும் இல்லை.

துறைத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முக்கூடலில் எடுத்த படத்தின் முதல் திரையிடல் முக்கூடல் தெருவிலேயே நடக்கட்டும். வெட்டச் சொல்ல அங்கிருப்பவர்களுக்கு உரிமை இருக்கட்டும். படத்தின் ஒரு பிரதி அவர்களிடமே இருக்கட்டும். இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டென்று வருகிற பருவத்திலேயே பாடத்திட்டத்தில் எழுதிவிடுங்கள். விருதுக்கு அனுப்புவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.