மாடியோடு எனக்குச் சண்டை இல்லை

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சபையோரே,

வாசலில் கழற்றி வைத்திருக்கும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஒன்றுகூட உலர்ந்திருக்கவில்லை. மாலையில் பெய்தது அரை மணி நேர மழை. கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும், இறங்கிப் போக வழி தெரியாமல் ஒழுங்கையில் கணுக்காலளவு தண்ணீர் நிற்கிறது.

வெள்ளவத்தை என்றால் தமிழ்க் காதுக்கு வெள்ளம்தான் கேட்கும். சிங்களத்தில் அது மணல் தோட்டம். மணல் ஊற்ற ஊற்றக் குடிக்கும். அந்த மணலின் வாயை அடைத்தது யார் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

கொழும்பின் புதிய கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். தாமரைக் கோபுரம் அழகா, அசிங்கமா? கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் தேவைதானா? தேநீர்க் கடை வரை இதே வாதம். எனக்கோ உயரத்தோடு சண்டை இல்லை. பத்துக் குடும்பம் பத்து வளவைப் பிடிப்பதைவிட ஒரே வளவில் பத்து மாடியாக இருப்பது நல்லதுதான், மிச்ச ஒன்பதும் மண்ணாகவே கிடக்குமென்றால். நம்முடைய ஒழுங்கைகளில் பத்திலும் மாடி. மதிலிலிருந்து மதில் வரை சீமெந்து.

83 கலவரத்துக்குப் பிறகும் போர்க்காலத்திலும் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் நாம். தலைக்கு மேல் ஒரு கூரை தேடியவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது; நானும் அப்படி வந்தவன்தான். நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த கன்று. வீட்டுக்கார அம்மா விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி உப்பிலிடுவார். இன்று அந்த இடத்தில் எட்டுக் கார் நிற்கிறது. கொழும்பைப் பெயரிலேயே சுமக்கும் மாமரத்துக்குக் கொழும்பில் நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

நவீனம் என்றாலே இப்படித்தான் என்பவர்களுக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன். 1960களின் தொடக்கத்தில் கொள்ளுப்பிட்டியில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டியது. காணி அப்படியொன்றும் பெரிதல்ல. வீட்டை நடுவில் வைத்துச் சுற்றிவரத் தோட்டம் போடும் வெள்ளைக்காரப் பங்களா முறையை அவர் அப்படியே திருப்பிப் போட்டார். வெளியே மதில், உள்ளே அறைகள், நடுவில் வானம் பார்த்த முற்றம். நம்மவர்களுக்கு இது புதுமையா? நாற்சார் வீட்டில் பிறந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். மழை நேரே முற்றத்தில் விழும், பிள்ளைகள் தாழ்வாரத்தில் இருந்து காகிதக் கப்பல் விடுவார்கள். அந்த வீடும் கொழும்பில் நிலைக்கவில்லை. கல்லும் மரமுமாகப் பிரித்தெடுத்து பெந்தோட்டைப் பக்கம், பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வீட்டையாவது பிரித்துக் கொண்டுபோக முடிந்தது!

மரம் ஆபத்து என்பீர்கள். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்ததை நானும் மறக்கவில்லை. பட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் அடிமரம் வரை தாரை ஊற்றி, வடிகானுக்கும் குழாய்க்கும் வேரை அறுத்துவிட்டு, பிறகு மரத்தின்மேல் வழக்குப் போடுவது என்ன நியாயம்?

1921இல் பற்றிக் கெடஸ் என்ற ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்கத் திட்டம் எழுதினார். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற பட்டமும் கிடைத்தது. பட்டத்துக்குக் காரணமான சதுப்பு நிலங்கள் பெரும்பாலும் கோட்டே, கொலன்னாவைப் பக்கம். வெள்ளவத்தைக்காரர் அதில் பெருமைப்பட அதிகம் இல்லை.

எங்கள் தொடர்மாடியின் பின்பக்கம் மூன்றடி அகலத்தில் ஒரு மண் துண்டு மிஞ்சியிருக்கிறது. ஒரு முருங்கையும் கொஞ்சம் கறிவேப்பிலையும். அதைச் சீமெந்து பூசி மோட்டார் சைக்கிள் நிறுத்த வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் மூன்று மாதமாக இழுபறி. வரும் ஞாயிறு நாலு மணிக்கு வாக்கெடுப்பு. பூசச் சொல்லும் வீடுகள் ஒன்பது. வேண்டாம் என்பவை நாலு. அதில் ஒன்று முருங்கைக்காய்க்காகத்தான் என் பக்கம் நிற்கிறது.