இரண்டு கரிநெருப்புகள்: பேதுரு மனந்திரும்பிய கதை

[காட்சி: இருட்டு முற்றம். நடுவில் கரி கனன்றுகொண்டிருக்கிறது.]

எருசலேமில் பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றம். யூதர்களின் பஸ்கா பண்டிகை நேரம், ராத்திரியில் நல்ல குளிர். வேலைக்காரர்கள் கரிநெருப்பு போட்டுச் சுற்றி நிற்கிறார்கள். அவர்களோடு இயேசுவின் சீஷன் பேதுருவும் நின்று குளிர்காய்கிறார். உள்ளே இயேசுவை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நீயும் அவருடைய சீஷன்தானே?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்கிறார். மூன்று முறை கேள்வி, மூன்று முறையும் அதே பதில். அவருடைய கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுக்கிறது, அப்போதும் சத்தியம் பண்ணி மறுக்கிறார். இயேசு முன்பே சொன்னபடி சேவல் கூவுகிறது.

இந்த இடத்தில் சுவிசேஷம் எழுதினவர்களில் லூக்கா மட்டும் ஒன்றை எழுதியிருக்கிறார்: "கர்த்தர் திரும்பிப் பேதுருவை நோக்கிப்பார்த்தார்." அதற்குப் பிறகுதான் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுகிறார்.

கவனித்தீர்களா? அன்றைக்கு முதலில் திரும்பினவர் பேதுரு இல்லை, கர்த்தர்.

[காட்சி: திரையில் ஒரே ஒரு சொல்: மனந்திரும்புதல்]

கர்த்தருடைய நாமத்தில் எல்லாருக்கும் வாழ்த்துகள். இன்றைக்கு இந்த ஒரு சொல்லைத்தான் பார்க்கப்போகிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இது மெட்டானோயா, அதாவது மனம் மாறுவது. பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் ஷூவ். போன வழியிலிருந்து திரும்பி வருவதற்கு அன்றாடம் சொல்கிற அதே சொல். மனம் ஒன்றில், திரும்புதல் இன்னொன்றில். நம்முடைய தமிழ்ச் சொல்லிலோ இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இதைத் தேர்ந்தெடுத்த மொழிபெயர்ப்பாளர்களை நினைத்து நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் இன்னொரு சொல்லும் உண்டு: மனஸ்தாபம். இயேசுவுக்கு மரணத்தீர்ப்பு ஆனதைக் கண்டு யூதாஸ் "மனஸ்தாபப்பட்டு" முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோகிறான். அவனுடைய வருத்தம் பொய் இல்லை. குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவம் செய்தேன் என்று வாய்விட்டே சொல்கிறான். பணத்தையும் வைத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் என்ன குறைந்தது? அவன் யாரிடம் போனான் என்று பாருங்கள். பிரதான ஆசாரியரிடம் போனான். அவர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." பாவத்தின் பாரத்தோடு வந்தவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு மனது கனத்துப்போகும்.

மனஸ்தாபம் என்ற சொல்லின்மேல் குறை இல்லை. திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று தகப்பனிடம் சொன்ன மகனைப் பற்றியும் மத்தேயு இதே சொல்லைத்தான் எழுதுகிறார். ஆனால் அங்கே, "மனஸ்தாபப்பட்டுப் போனான்." தோட்டத்துக்கே போனான். வருத்தம் இரண்டு பேருக்கும் வந்தது, கால்கள்தான் வேறு வேறு பக்கம் நடந்தன.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன், வேலை செய்த இடத்தில் நான் தப்பாகப் போட்ட ஒரு கணக்குக்காகக் கூட இருந்த அண்ணன் ஒருவர் திட்டு வாங்கினார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி முழங்கால் போட்டு அழுதேன். அடுத்த உபவாச ஜெபத்திலும் அழுதேன். கண்ணீர் உண்மைதான். ஆனால் அந்த அண்ணன்மேல் விழுந்த பழி அப்படியே இருந்தது. ஒரு மாதம் கழித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணே, அந்தக் கணக்கைத் தப்பாப் போட்டது நான்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள் கையில் இருந்த டீ ஆறிவிட்டது. அப்புறம் இரண்டு பேருமாக மேலாளரிடம் போனோம். அந்த ஒரு மாதம் முழுக்க நான் மனந்திரும்பிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

[காட்சி: விடியற்காலை. திபேரியாக் கடற்கரை. புகை எழும்புகிறது.]

சரி, பேதுருவிடம் வருவோம். உயிர்த்தெழுதலுக்குப் பிறகு ஒரு நாள், ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. கரையில் நிற்கிறவர் கர்த்தர் என்று யோவான் சொன்னதும், பேதுரு மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். கரை இருநூறு முழம்தான், படகே போய்விடும். ஆனால் அவரால் அதுவரை பொறுக்க முடியவில்லை.

கரையில் என்ன இருந்தது? கரிநெருப்பு. அதன்மேல் மீன், கூடவே அப்பம். யோவான் எழுதின கிரேக்கச் சொல் அந்த்ராகியா. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது வருவது இரண்டே இடங்களில்: மறுதலித்த முற்றத்தில் ஒரு முறை, இந்தக் கரையில் ஒரு முறை. தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் கரிநெருப்புதான். பேதுருவின் மூக்கில் அந்தப் புகை ஏறியபோது அவருக்கு எந்த ராத்திரி நினைவுக்கு வந்திருக்கும்?

முதலில் சாப்பிடச் சொன்னார் இயேசு. பிறகுதான் கேட்டார், "நீ என்னை நேசிக்கிறாயா?" மூன்று முறை. மூன்றாவது முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார். காயத்தைத் தொடாமல் மருந்து போட முடியாது. ஆனால் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலையைக் கொடுத்தார்: என் ஆடுகளை மேய்.

நம்மில் பலர் சாட்சி சொல்லும்போது இங்கே நிறுத்திவிடுவோம். வேதம் நிறுத்தவில்லை.

[காட்சி: வரைபடத்தில் அந்தியோகியா, இன்றைய துருக்கியின் அந்தாக்கியா]

அப்போஸ்தலன் பவுல் எழுதின கலாத்தியர் நிருபம், 2-ம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். எருசலேம் சபையின் தலைவர்களில் ஒருவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிவிட்டார். அன்று முற்றத்தில் இருந்ததும் மனுஷபயம்தான், இங்கேயும் அதேதான். இதற்குள் பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து பிரசங்கித்தவர், ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவி புறஜாதியார்மேல் இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார்.

இதைப் படித்து யாரும் சோர்ந்துபோக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஞானஸ்நானம் எடுத்துப் பல வருஷமாகியும் பழைய கோபம், பழைய பயம் தலைகாட்டினால், நான் இரட்சிக்கப்படவே இல்லையோ என்று கலங்குகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. 1517-ல் மார்ட்டின் லூத்தர் விட்டன்பர்க்கில் வெளியிட்ட 95 கருத்துகளில் முதலாவதே இதுதான்: மனந்திரும்புங்கள் என்று கிறிஸ்து சொன்னபோது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றே விரும்பினார். வளர்ச்சி என்பது திரும்பத் தேவையில்லாத நிலைக்குப் போய்ச் சேருவது இல்லை. விழுந்ததிலிருந்து திரும்புகிற வரைக்கும் ஆகிற நேரம் குறைந்துகொண்டே வருவது. எனக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது.

[காட்சி: திறந்த வேதாகமம். 2 பேதுரு, கடைசிப் பக்கம்.]

பேதுருவின் பெயரில் உள்ள இரண்டாம் நிருபத்தின் கடைசி வசனத்தில் "வளருங்கள்" என்ற சொல் இருக்கிறது, கிருபையிலும் அவரை அறிகிற அறிவிலும். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால், அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாகத் தன்னை எதிர்த்தவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்."