அப்பாவுக்காக எழுதிய ஸ்கோர்கள்

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் ஊர்ச் சனங்களே, எல்லாருக்கும் புத்தாண்டு வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும்: "கிறிஸ்துமஸ் விடுமுறையில் கால்பந்து குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா?" சேர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று குற்றம் சொன்னார். பூசை முடிந்து வந்த பிள்ளைகள் வீட்டில் கால் தங்காமல் பந்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுகிறார்கள். ராத்திரியானால் கைபேசியில் இங்கிலாந்து ஆட்டம் ஓடுகிறது, விருந்துக்கு வந்த மாமாவிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. மூன்றாவது, ஆடுகிற வீரர்களுக்கே அன்றைக்குக் குடும்பத்தோடு இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் இந்த நோட்டை நீங்கள் பார்க்க வேண்டும்.

அரைக்குயர் நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. என் அப்பா ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். போனால் முப்பது நாள், சில தடவை நாற்பது நாள். அவருக்கு உயிர் இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணி. அவர் கடலில் இருக்கும்போது நடக்கிற ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆறாம் வகுப்பிலிருந்து நான் எழுதி வைக்கிறேன்: தேதி, எதிரணி, எத்தனை கோல், யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் போட் கரைக்கு வரும். குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "மக்ளே, நோட்டை எடு." நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் நிறுத்தி, "அந்த கோல் எப்படிப் போச்சு?" என்பார். அம்மா அடுப்படியில் இருந்து, "தலைக்கு மேலே போச்சு, நானும் பார்த்தேன்" என்று பதில் சொல்வாள். ஒரு மாதம் வீட்டில் இல்லாத மனுஷன், அந்த ஒரு மாதத்துக்குள் மறுபடி நுழைகிற வாசல் இந்த நோட்டு. இதைப் பிரிவு என்று எப்படிச் சொல்வது?

சரி, கைபேசிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் மதியம் மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு 8:30. எங்கள் வீட்டில் அதுதான் முந்திரிக்கொத்து பொரிக்கிற நேரம். கைபேசி சர்க்கரை டப்பாமேல் சாய்ந்து நிற்கும். அம்மா உருண்டையை மாவில் முக்கி எண்ணெயில் போடுவாள், நான் கரண்டியில் புரட்டுவேன், தம்பி ஸ்கோர் சொல்லுவான், அப்பா முறத்தில் எடுத்து அடுக்குவார். வருஷத்தில் வேறு எந்த நாளிலும் அப்பா அடுப்படிக்குள் வந்து நான் பார்த்ததில்லை. விருந்துக்கு வந்த மாமாவுக்கும் அங்கேயே ஒரு பலகை போடுகிறோம்.

இதெல்லாம் கைபேசி வந்த பிறகு தொற்றிக்கொண்ட வியாதி என்றார் அண்ணன். இல்லை அண்ணே, வழக்கம் பழையது. 1860 டிசம்பர் 26 அன்று ஷெஃபீல்டு ஊரில் சாண்டிகேட் மைதானத்தில் ஷெஃபீல்டு அணியும் ஹாலம் அணியும் மோதின. இரண்டு கிளப்புகள் தங்களுக்குள் ஆடிய முதல் ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஷெஃபீல்டு 2-0 என்று ஜெயித்தது. 1871-இல் சட்டம் போட்டு அந்த நாளைப் பொது விடுமுறை ஆக்கினார்கள். ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களுக்கு வருஷத்தில் கிடைத்த லீவே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இடம் மைதானம். 1950-கள் வரைக்கும் கிறிஸ்துமஸ் அன்றைக்கே அங்கே ஆட்டம் உண்டு. 1963 டிசம்பர் 26 இருக்கிறதே, அங்கே உச்ச லீக்கான முதல் பிரிவில் அன்றைக்குப் பத்து ஆட்டம், மொத்தம் 66 கோல்! ஃபுல்ஹாம் 10, இப்ஸ்விச் 1. லிவர்பூல் 6, ஸ்டோக் 1. அப்பாவுக்கு இது மனப்பாடம். இரண்டே நாளில் இப்ஸ்விச் திருப்பி 4-2 என்று ஃபுல்ஹாமை அடித்தது என்பதையும் அவர் சேர்த்துத்தான் சொல்வார்.

பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனீர்கள். அதை மட்டும் நான் சும்மா விட மாட்டேன். முதல் உலகப் போர் நேரம், ஆண்கள் போர்முனையில், பெண்கள் வெடிமருந்துத் தொழிற்சாலையில். பிரஸ்டன் ஊரில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி சேர்த்து, 1917-இல் சரியாக கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் இறங்கினார்கள். பத்தாயிரம் பேர் வந்தார்கள். வசூல், காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்கு. மூன்று வருஷம் கழித்து, 1920 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லிவர்பூல் நகரத்து குடிசன் பார்க் மைதானத்தில் அதே பெண்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர், இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த வாசலில் எத்தனை அம்மாக்கள், எத்தனை தங்கைகள் நின்றிருப்பார்கள் என்று நான் பல ராத்திரி நினைத்ததுண்டு. அடுத்த டிசம்பரிலேயே, 1921-இல், பெண்கள் ஆட்டம் எங்கள் மைதானங்களில் கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. ஐம்பது வருஷம் போல அந்தத் தடை நின்றது. பண்டிகை நாளில் குடும்பங்களைப் பிரித்தது எது என்று கேட்டால் அந்தத் தடையைக் காட்டுங்கள், பந்தைக் காட்டாதீர்கள்.

மூன்றாவது குற்றம், வீரர்களின் குடும்பம். அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கும் பயிற்சிக்குப் போய்விட்டு வருகிற வீரர்கள் உண்டு. ஜெர்மனியில் டிசம்பர் கடைசியில் லீக்கை நிறுத்திவிடுகிறார்கள், அது நல்ல பழக்கம். 2025 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் இன்றைய உச்ச லீக்கான பிரீமியர் லீக்கிலும் ஒரே ஒரு ஆட்டம்தான், மான்செஸ்டர் யுனைடெடும் நியூகாசிலும். கீழ்ப் பிரிவுகளில் வழக்கம்போல ஆடினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, ஏனென்றால் ரசிகருக்கு ஆட்டமே இல்லாவிட்டாலும் பண்டிகை உண்டு. பெர்லினில் யூனியன் என்று ஓர் அணி. 2003-இல் அவர்களுக்குத் தோல்விமேல் தோல்வி. டிசம்பர் 23 ராத்திரி 89 ரசிகர்கள் பூட்டிய மைதானத்துக்குள் கேட்காமலே நுழைந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கிறிஸ்துமஸ் பாட்டு பாடினார்கள். 89 பேர்! இன்றைக்கு அதே ராத்திரியில் அதே மைதானத்தில் 28,000 பேர் பாடுகிறார்கள், பிள்ளைகள் அப்பாக்களின் தோளில். பந்து ஒன்றுகூட உருளாது.

அப்புறம் லிவர்பூல் நகரம். லிவர்பூலும் எவர்டனும் ஜென்மப் பகை என்பார்கள். 2015-இல் அந்த இரண்டு அணி ரசிகர்களும் ஒன்றாக நின்று, மைதான வாசலில் பசித்த வீடுகளுக்காக உணவுப் பொருள் சேகரிக்க ஆரம்பித்தார்கள்.

நம் ஊருக்கே வருகிறேன். பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடுகிறார்கள் என்றீர்களே, அங்கே யார் நிற்கிறார்கள்? கடலில் இருந்து வந்த அப்பா, கொச்சியில் இருந்து வந்த சித்தப்பா, சவூதியில் இருந்து பத்து நாள் லீவில் வந்த அண்ணன். 26-ஆம் தேதி சாயங்காலம் கல்யாணம் ஆனவர்கள் ஓர் அணி, ஆகாதவர்கள் ஓர் அணி. வேலியோரம் பாட்டிமார் உட்கார்ந்து பேரனையும் மருமகனையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கோயில் வரைக்கும் கேட்கும்.

நோட்டில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது, நடுவர் அவர்களே. 2017 டிசம்பர். நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தது. என் அப்பா திரும்பி வந்தார், எதிர்வீட்டு மாமா வரவில்லை. அந்த வருஷம் எங்கள் தெருவில் நட்சத்திரம் கட்டவில்லை, யாரும் பந்தைத் தொடவில்லை, அப்பாவும் நோட்டைக் கேட்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ், 26-ஆம் தேதி, கல்யாணம் ஆனவர்கள் அணியில் ஓர் ஆள் குறைந்தது. அது மாமா நிற்கிற இடம், கோல் கம்பத்துக்கு முன்னால். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா போய் மாமாவின் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அங்கே நிறுத்தினார். பத்து வயசுப் பையன். அவன் அம்மா ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கடற்கரைக்கு வந்தாள். அவன் ஒரு பந்தைப் பிடித்தான், மணலில் விழுந்து, நெஞ்சோடு அணைத்து. அந்தத் தேதியில் நோட்டில் லிவர்பூல் ஆட்டத்துக்கு மேலே அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பையன் இதோ, மூன்றாவது வரிசையில் அவன் அம்மா பக்கத்தில் இருக்கிறான்.

மணி அடித்துவிட்டார்கள். வருகிற வாரம் போட்கள் மறுபடி தொழிலுக்குப் போகின்றன. பழைய நோட்டு தீர்ந்துவிட்டது, புதுசு வாங்கி முதல் பக்கத்தில் தேதி போட்டுவிட்டேன். நன்றி, வணக்கம்.