காசுக்குத் திறக்காத கதவு

நடுவர் அவர்களே, வைகைக் கரையில் கூடியிருக்கும் மதுரைப் பெருமக்களே, வணக்கம். ‘ஊரின் பண்பாட்டைத் தீர்மானிப்பது பொருளாதாரமா, நம்பிக்கையா?’ என்ற தலைப்பில், நம்பிக்கையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் காரல் மார்க்ஸைத் துணைக்கு அழைத்தார். மனிதரின் சமூக வாழ்நிலைதான் அவர்களின் உணர்வைத் தீர்மானிக்கிறது என்று 1859-இல் மார்க்ஸ் எழுதியதைச் சரியாகவே சொன்னார். அதோடு விடவில்லை; சித்திரைத் திருவிழாவே வியாபாரத்தில்தான் நிற்கிறது, கடைகளை எடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்றார்.

மார்க்ஸ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. பசித்த வயிறு சாமி கும்பிடாது. ஆனால் காசுதான் எல்லாம் என்றால், காசு வந்த கையோடு மதிப்பும் வந்திருக்க வேண்டுமே, நடுவர் அவர்களே?

இங்கிருந்து தெற்கே கமுதி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே நாடார் சமூகத்தார் வணிகத்தில் நன்றாக வளர்ந்திருந்தார்கள். கடை இருந்தது, சரக்கு இறக்கி வைக்கும் பேட்டை இருந்தது, மகமை என்ற பொதுநிதி வசூலித்து ஊர்க் காரியம் செய்யும் உறவின்முறை என்ற சமூக அமைப்பும் இருந்தது. 1897-இல், தங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டிருந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போய் வழிபட்டார்கள். வழக்குப் போட்டார்கள் அவர்கள் மேல்! மதுரை, சென்னை என்று ஏறி அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில், 1908-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. செலவழிக்கப் பணம் இருந்தும் அந்த வாசல் திறக்கவில்லை.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் இதைப் பிரித்துக் காட்டினார். சந்தையில் ஒருவருக்குள்ள இடம் வேறு, ஊர் அவருக்குத் தரும் மரியாதை வேறு. ஒன்று இன்னொன்றைத் தானாகக் கொண்டுவராது. கமுதியில் நடந்தது இதுதானே?

சரி, அப்புறம் கதவை யார் திறந்தார்கள்? 1939 ஜூலை 8. நம் மீனாட்சியம்மன் கோயிலுக்குள், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தாரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் நுழைந்தார். அவர்கள் பணத்தைக் காட்டி உள்ளே போகவில்லை. இப்படி நுழைந்தவர்களுக்கும் அழைத்துப் போனவர்களுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. நம்பிக்கை என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. தீட்டு என்பதும் ஒரு நம்பிக்கைதான், கொடிய நம்பிக்கை. அது பூட்டிய வாசலை, எல்லாரும் சமம் என்ற இன்னொரு நம்பிக்கை திறந்தது.

இனி அந்தத் திருவிழாக் கடைகளுக்கு வருகிறேன். சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பையின் வாயில் வைத்த குழாயைப் பிடித்தபடி வெறுங்காலோடு வெயிலில் நிற்கிறார். விரதம் வேறு. வேலைக்குப் போயிருந்தால் அன்றைய கூலி கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாரே, இதில் அவருக்கு என்ன லாபம்? பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1912-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி எழுதியபோது, சேர்ந்து கூடும் மக்களிடம் ஒரு பொங்கும் உணர்வு பிறக்கிறது, தனியாளுக்கு இல்லாத பலம் அதில் கிடைக்கிறது என்றார். அழகர் உடுத்தி வருவது பச்சைப் பட்டா, சிவப்புப் பட்டா என்று விடிவதற்குள் ஆற்றுக்குள் காத்திருக்கும் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டம் இருப்பதால் கடை வந்தது, நடுவர் அவர்களே. கடை போட்டதால் அழகர் இறங்கவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதலில் கமுதிக்குப் பதில் சொல்லட்டும். மார்க்ஸுக்கு அப்புறம் வரலாம்.