பலகையில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர்

அவையோர் அனைவருக்கும், தங்கள் ஊர்க் கடைவீதியின் வரலாற்றை எழுதப் புறப்பட்டிருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

இன்று அண்ணா சாலை எனப்படும் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கே ஸ்பென்சர் என்றால் தெரியாதவர் கிடையாது. 1860களில் சார்லஸ் டூரண்ட் என்பவர் நடத்திவந்த கடையில் ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1882இல் அந்த வணிகத்தை யூஜின் ஓக்ஷாட் விலைக்கு வாங்கினார். பெயருக்கு ஏற்கெனவே மதிப்பு இருந்ததால் அவர் பலகையை மாற்றவில்லை. 1890களில் அந்தப் பெரிய செங்கல் மாளிகை எழுந்தபோது கல்லா ஓக்ஷாட் கையில் இருந்தது, வாசலில் ஸ்பென்சர் இருந்தார். 1980களின் தொடக்கத்தில் கட்டடம் தீக்கிரையானது. பின்னர் அதே மனையில் வணிக வளாகம் வந்தது. பெயர் இன்றும் அங்கேயே நிற்கிறது.

தெருவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். மனைக்கு ஒரு வரலாறு, கட்டடத்துக்கு ஒன்று, வணிகப் பெயருக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. நான்கும் வெவ்வேறு வேகத்தில் நகர்பவை. "நூறு வருஷமாக இங்கே இருக்கிறோம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் இந்த நான்கில் எது நூறு வருஷமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. நான்கையும் ஒன்றாக நினைத்துப் பேசுகிறார். எழுதுகிற நாம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு சான்றுகள். புத்தகக் கடையான ஹிக்கின்பாதம்ஸ் 1844இல் ஏபெல் ஜோஷ்வா ஹிக்கின்பாதம் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1904இல் அவர் மகன் காலத்தில் வந்தது. 1920களில் வணிகம் ஸ்பென்சரைச் சேர்ந்த ஜான் ஓக்ஷாட் ராபின்சனிடம் போனது, 1940களில் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்திடம் வந்தது. மூன்று குடும்பங்கள், ஒரே பலகை. இதற்கு நேர்மாறானது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காகக் கட்டப்பட்டது. 1930களில் பாரத் இன்சூரன்ஸ் வாங்கித் தன் பெயரைச் சூட்டியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் எல்.ஐ.சி. வசம் போனது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நடந்து, இடிக்கக் கூடாது என்று 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே கட்டடம் நின்றது, பெயர்கள் மாறின.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் கையில் பத்திரம் வேண்டாம், அளவு நாடா போதும். காலை எட்டு மணிக்கு முன்னால், ஷட்டர்கள் திறப்பதற்குள் தெருவில் நடங்கள். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எதிர்ப்பக்கம் போக வேண்டும். குறுக்கே தாண்டித் தாண்டிக் குறித்தால் வரிசை கலைந்துவிடும். ஒவ்வொரு மனைக்கும் ஒரு தாள். அதில் கதவு எண்ணுக்கு முன்பாக, சந்து முனையிலிருந்து எத்தனையாவது கடை என்ற வரிசையும் முகப்பின் அகலம் எத்தனை அடி என்பதும் வர வேண்டும். முகப்பு அகலம் எளிதில் மாறாது. 24 அடி மனை பாகப்பிரிவினையில் 12, 12 என்று உடைந்திருந்தால், பொதுச்சுவரைப் பார்த்தே பங்காளிகள் பிரிந்ததை ஊகிக்கலாம். ஊகம்தான், பத்திரம் வந்து உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்து, தலையை நிமிர்த்திப் பாருங்கள். கீழ்த்தளத்தில் கண்ணாடியும் விளம்பரத் தகடும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. மாடியின் கைப்பிடிச் சுவரை யாரும் தொடுவதில்லை. சுண்ணாம்புச் சுதையில் ஆண்டும் பெயரின் முதலெழுத்துகளும் அங்கேதான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த ஆண்டு முகப்பை எடுத்துக் கட்டிய ஆண்டாக இருக்கலாம். உள்ளே மெட்ராஸ் டெரஸ் எனும் செங்கல்-சுண்ணாம்புக் கூரையும் தேக்கு உத்தரமும் இருந்தால் கட்டடம் அதைவிடப் பழையதாக இருக்க வாய்ப்புண்டு.

கதவு எண்ணை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். 'தி இந்து' நாளிதழ் 1883இல் மவுண்ட் ரோடு 100ஆம் எண்ணுக்கு வந்தது. 1939இல் வேறு கட்டடத்துக்குப் போனது. இன்றைய முகவரி 859, 860. ஸ்பென்சரின் முகவரி 153 ஆக இருந்து 769 ஆனது. ஆனால் ஸ்பென்சர் மனை நகரவேயில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு நிறுவனமும் இடம் மாறியதாகத் தோன்றும். ஆகவே எண் மாறிய இடத்திலெல்லாம், பக்கத்துக் கடைகளின் எண்களும் அதே காலத்தில் மாறினவா என்று பாருங்கள். வரிசையாக மாறியிருந்தால் மாநகராட்சி எண்ணை மாற்றியிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் மாறியிருந்தால் அவர் கடையை மாற்றியிருக்கிறார்.

கதவு எண்ணை விட உறுதியானது சர்வே எண். சென்னைப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் பழைய சர்வே எண், ரீசர்வே எண், பிளாக் எண் எல்லாம் சேர்ந்தே வரும். பரப்பு பெரும்பாலும் கிரவுண்டில் இருக்கும். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி.

பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்படுகின்றன. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பார்வையிடலாம். உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் வில்லங்கம் பார்ப்பது ஒரு குறிப்பிட்ட ஆண்டு வரைதான் கைகொடுக்கும். அதற்கு முந்தியதற்குக் கையால் தேட விண்ணப்பிக்க வேண்டும். பெயர்வாரி அட்டவணை ஒன்றும் சொத்துவாரி அட்டவணை ஒன்றும் உண்டு. எண்கள் மாறிப்போன தெருவில் பெயர்வாரி அட்டவணையே வழிகாட்டும்.

வில்லங்கச் சான்றில் எது வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிந்தாலும் அது 3ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். வாய்மொழிப் பாகப்பிரிவினை பதிவில் இல்லை. தகப்பன் இறந்து மகன் கல்லாவில் உட்கார்ந்தால் அதற்குப் பத்திரமே கிடையாது. எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி வாடகைதாரர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பதிய வேண்டும் என்று இருந்ததால் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு அதையே புதுப்பித்துக்கொண்டு இருந்தார்கள். மூன்று தலைமுறை வியாபாரம் செய்த குடும்பம் பதிவுத் துறையின் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அந்தக் குடும்பங்களைத் தேட வேண்டிய இடம் வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகளின் தீர்ப்புகள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளில் கதவு எண், மாத வாடகை, எந்த ஆண்டு கடைக்கு வந்தார்கள், யாருக்கு உள்வாடகை விட்டார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். சண்டை போட்டதால் வரலாறு மிஞ்சியது.

பத்திரத்தில் நான் அதிகம் நம்புவது நான்கெல்லைப் பகுதியை. வடக்கே இன்னார் கடை, தெற்கே இன்னார் வீடு, மேற்கே சந்து, கிழக்கே ராஜபாட்டை என்று அது போகும். ஒரு கடையின் பத்திரம் கிடைத்தால் இரண்டு பக்கத்துக் குடும்பங்களின் பெயரும் கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்றாகப் பத்திரம் பார்த்தாலே முழுத் தெருவும் பிடிபட்டுவிடும். இதிலும் பொறி உண்டு. எழுத்தர்கள் மூலப் பத்திரத்தின் எல்லைகளை அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். 1950இல் எழுதிய கிரயத்தில் வடக்கெல்லைக்காரராக வருபவர் 1910இலேயே இறந்திருக்கலாம். மூலப் பத்திரத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால் அந்தப் பெயரைப் பழைய தேதிக்கே எழுதுங்கள்.

பெண்களின் பெயரைத் தேடுவதும் இங்கேதான். கடைப்பலகையில் "அன் சன்ஸ்" என்று இருக்கும். மனையோ மனைவி பேரில் வாங்கியதாக இருக்கும். தான செட்டில்மென்ட், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் இரண்டையும் தவறாமல் எடுங்கள். 1989இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்த பிறகு, பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மகள்களைப் பங்குதாரர்களாகவே பார்க்கலாம்.

குடும்பப் பெயர்களில் பாட்டன் பெயர் பேரனுக்கு வருவதால் இருவரையும் ஒருவராக்கி, தொண்ணூறு வருஷம் கடை நடத்தியவராகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டடத்தைக் கட்டத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் தந்தை பெயர் முத்தையா, மகன் ஒருவர் பெயரும் முத்தையா. முதலெழுத்துகளை விடாமல் எழுதினால் குழப்பம் வராது. வணிகக் குடும்பங்கள் விலாசம் என்று சொல்லும் முதலெழுத்து வரிசையே அதற்காக ஏற்பட்டது.

அச்சிட்ட ஆதாரங்களில் அசைலம் அச்சகத்தின் ஆண்டு விவரத் தொகுப்பு சென்னைக்கு அருமையானது. அதில் ஐரோப்பியக் கடைகளுக்கு இருக்கும் இடம் நம் சிறு கடைகளுக்கு இல்லை. அதில் பெயர் இல்லாததை வைத்துக் கடையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சுதேசமித்திரன் நாளிதழின் பழைய விளம்பரங்களைக் கூடவே புரட்டுங்கள்.

கடைக்குள்ளே பேரேடு, நாள்வழி, சிட்டை என்று கணக்குப் புத்தகம் ஏதாவது பரணில் இருக்கும். ஆண்டு தமிழ்க் கணக்கில் இருந்தால் கவனம். பிரபவ வருஷம் அறுபது ஆண்டுக்கொருமுறை வரும்: 1867, 1927, 1987. எந்தச் சுற்று என்பதைத் தாளும் தொகையும் சொல்லும். பிரபவ வருஷத்துத் தை மாதம் 1927 ஆகாது, 1928 ஜனவரி. வருவாய்த் துறையின் பசலி ஆண்டானால் 590 கூட்டுங்கள். பசலி 1334 என்பது 1924 ஜூலையில் தொடங்குகிறது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது.

தேதியில்லாத பில்லையும் காலக்கணக்கில் வைக்கலாம். "மெட்ராஸ்-2" என்றிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முன். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ஆறிலக்க அஞ்சல் எண் வந்து 600002 ஆனது. "அண்ணா சாலை", "மவுண்ட் ரோடு" என்பதை வைத்து மட்டும் தேதி சொல்ல வேண்டாம். பெயர் மாறிய பிறகும் பழைய பெயரை அச்சிட்டவர்கள் பலர்.

பேரேட்டைக் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே, சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பாதுகாக்கிறேன் என்று லேமினேஷன் செய்வது காகிதத்தைக் கெடுப்பதாகும். அந்தச் சூடும் பசையும் காகிதத்தில் ஏறியபின் திரும்பப் பிரிக்க வழியில்லை.

பெரியவர்களிடம் பேசும்போது "எந்த வருஷம்" என்று கேட்டால் தோராயமான பதில்தான் வரும். ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். எல்.ஐ.சி. தீப்பிடித்த 1975க்கு முன்னாலா, பின்னாலா? ஸ்பென்சர் எரிந்தபோது கடை யார் கையில் இருந்தது? முதலாளியிடம் மட்டும் கேட்டால் போதாது. கணக்குப்பிள்ளை, சரக்கு இறக்கிய தொழிலாளி, எதிர்க் கடைக்காரர் மூவரையும் தனித்தனியே கேளுங்கள். கூட்டாளி பிரிந்ததைக் குடும்பம் சொல்லாது, எதிர்க்கடை சொல்லும். சொன்னதையெல்லாம் எழுதலாமா? உயிரோடு இருப்பவர்களின் வழக்கையும் மனக்கசப்பையும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் அச்சில் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, எந்தப் பத்திரத்திலும் வராதவர்கள். பெரிய கடையின் திண்ணையிலும் மாடிப்படிக்கடியிலும் நடைபாதையிலும் பேனா ரிப்பேர், கடிகார ரிப்பேர், பழைய புத்தகம் என்று உட்கார்ந்தவர்களுக்கு மனையும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு தலைமுறை இருந்திருப்பார்கள். உங்கள் தாளில் அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்கு வருவார், சாமானை இரவில் எந்தக் கடையில் வைப்பார் என்று எழுதுங்கள். அந்தக் கடைக்காரரிடம் கேட்டால், அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தப் பெட்டி அங்கே வைக்கப்படுகிறதா என்பது தெரிந்துவிடும்.