இரக்கம் காட்டினால்தான் இரக்கம் கிடைக்குமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்கள்: "கூடப்பிறந்த அண்ணனே என் பணத்தை வாங்கி ஏமாற்றிவிட்டார். 'இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் இரக்கம் பெறுவார்கள்' என்று மத்தேயு 5:7 சொல்கிறது. என்னால் அவருக்கு இரங்க முடியவில்லை. அப்படியென்றால் தேவன் எனக்கு இரங்க மாட்டாரா? பணத்தைத் திருப்பிக் கேட்பதும் தவறா?"

சகோதரி, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊழியக்காரன் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் மொத்தம் 6 கோடி நாள் கூலி! ராஜா மனதிரங்கி முழுவதையும் மன்னித்துவிடுகிறார். அவன் வெளியே போகும்போதே, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனைக் கண்டு தொண்டையை நெரிக்கிறான்.

இந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பத் தொகை என்று பலர் பிரசங்கத்தில் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி; ஆகவே அது மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. இயேசு அந்த நஷ்டத்தை இல்லை என்று சொல்லவில்லை. உங்களுக்கு நேர்ந்ததும் நிஜமான நஷ்டம்தான்.

அப்புறம், அந்த உடன்வேலைக்காரன் கெஞ்சின வார்த்தைகளைப் பாருங்கள். "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று ராஜாவிடம் ஊழியக்காரன் சொன்னதைத்தான் அவனிடம் அந்த ஏழையும் சொல்கிறான். சற்று முன் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை ஊழியக்காரன் காதில் விழவே இல்லை; அந்த ஏழையைச் சிறையில் போட்டுவிடுகிறான். இதைக் கேள்விப்பட்ட ராஜாவின் கோபம் அதற்குத்தான்.

வரிசையைக் கவனியுங்கள். ராஜாவின் இரக்கம்தான் முதலில் வருகிறது. நாம் இரக்கம் காட்டி அதை வாங்குவதில்லை. ஆனால் பெற்ற இரக்கம் உள்ளே இறங்கியிருந்தால், எதிரே நிற்பவனின் கெஞ்சல் நமக்குக் கேட்கும். இன்றைக்கு முடியவில்லை என்று அழுகிற நீங்கள், கெஞ்சலைக் காதில் வாங்காமல் நெரித்தவனைப் போன்றவர் இல்லை.

பணத்தைக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். "உன் சகோதரன் குற்றஞ்செய்தால் அவனைக் கடிந்துகொள்" என்று லூக்கா 17:3-இல் ஆண்டவரே சொல்கிறார். செய்த தப்பை மூடி மறைப்பது இரக்கம் இல்லை. ஆனால் அவர் அழியட்டும் என்கிற ஆசையோடு கேட்காதீர்கள். அது இன்னும் மனதில் இருந்தால், ஜெபத்தில் அண்ணன் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இவரை மன்னிக்க எனக்கு மனமில்லை, நீர் தாரும்" என்று உள்ளபடியே சொல்லுங்கள். அதற்குப் பிறகு போய்க் கேளுங்கள்.