உங்க கேஸ் ஷீட்டை போலீஸ் கேட்டா ஆஸ்பத்திரி கொடுத்துடுமா?

(காட்சி: பாம்பன் கரை, விடியக்காலை. நாட்டுப்படகுகள்.)

ஒரு கற்பனைச் சம்பவம். பாம்பன்ல ரெண்டு படகுக்காரங்களுக்குள்ள வலை அறுந்த தகராறு. கைகலப்பு. ஒருத்தருக்கு மண்டை உடைஞ்சிருச்சு. அடிச்சவருக்கும் கை எலும்பு முறிஞ்சிருச்சு. ஒருத்தர் ராமேஸ்வரம் ஜி.ஹெச்., இன்னொருத்தர் ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. ரெண்டு பேருக்கும் ஏ.ஆர். போட்டாச்சு.

ஏ.ஆர்.னா ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர். யார் அடிச்சா, எதால அடிச்சா, எத்தனை மணிக்குன்னு டியூட்டி டாக்டர் கேட்டு எழுதுற பக்கம். பெரும்பாலும் எஃப்.ஐ.ஆருக்கு முன்னாடியே எழுதிடுவாங்க. அங்க "யாரோ அடிச்சாங்க"ன்னு சொல்லிட்டு ஸ்டேஷன்ல நாலு பேரு பேரைச் சொன்னா, குறுக்கு விசாரணையில அந்த ஒரு வரியை வெச்சே வக்கீல் பிடிச்சுக்குவார்.

சரி, அடிச்சவரோட கேஸ் ஷீட் (என்ன காயம், என்ன சிகிச்சைன்னு ஆஸ்பத்திரி எழுதி வெச்சிருக்கிற ரெக்கார்டு), எக்ஸ்ரே எல்லாம் அரசுத் தரப்புக்கு எப்படிக் கிடைக்குது?

(காட்சி: ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம், அடுக்கடுக்கா ஃபைல்கள்.)

இங்கிலீஷ் படத்துல 'சப்பீனா'ன்னு சொல்றது நம்ம ஊர்ல சம்மன். குற்ற வழக்கை எப்படி நடத்தணும்னு சொல்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 94-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன்னாடி இதுவே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) 91. கோர்ட் கேட்டா சம்மன். ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி கேட்டா எழுத்து மூலமா ஒரு உத்தரவு, அவ்வளவுதான். சட்டப்படி நீதிபதி கையெழுத்து கட்டாயம் இல்ல.

இங்கதான் எனக்கு உறுத்துது. தபால் ஆபீஸ் கையில இருக்கிற ஒரு கடிதத்தை எடுக்கணும்னா, 95-வது பிரிவுப்படி கலெக்டரோ, தலைமைக் குற்றவியல் நடுவரோ, அதுக்கும் மேல உள்ள கோர்ட்டோ உத்தரவு போடணும். அஞ்சு பைசா போஸ்ட் கார்டுக்கு இருந்த காவல் உங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு இல்ல. வக்கீல்கிட்ட சொன்னதுக்குச் சாட்சியச் சட்டத்துல பாதுகாப்பு உண்டு. டாக்டர்கிட்ட சொன்னதுக்கு அந்தச் சட்டத்துல அப்படி எதுவும் இல்ல.

பாவம், ரெக்கார்டு கிளார்க். 2002-ல வந்த மருத்துவ நெறிமுறை விதிகள் ஒரு இடத்துல, நோயாளி ரகசியத்தைக் கோர்ட்ல நீதிபதி உத்தரவு போட்டா சொல்லலாம்ங்குது. இன்னொரு இடத்துல, சட்ட அதிகாரிகள் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள நகல் கொடுங்குது. "கோர்ட் ஆர்டர் இருக்கா சார்?"னு அவர் தயங்கினா அது திமிர் இல்ல. ஹெச்.ஐ.வி. விவரத்துக்கு அந்தத் தயக்கம் அவசியமே. 2017 ஹெச்.ஐ.வி. சட்டப்படி, சம்பந்தப்பட்டவர் சம்மதிக்கலைன்னா பொதுவா கோர்ட் உத்தரவு இல்லாம வெளிய விடக்கூடாது.

ஆஸ்பத்திரியைக் கேக்கலாம். ஆனா குற்றம் சாட்டப்பட்டவர்கிட்டயே "உன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு வா"ன்னு அந்த 94-வது பிரிவுல சம்மன் அனுப்ப முடியாது. 1965-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கிற அரசியல் சட்டம் 20(3)-ஐ ஒட்டிய தீர்ப்பு. வீட்டைச் சோதனை போடுறது வேற கதை.

இப்ப நம்ம படகுக்காரர் கைக்கு வருவோம். எலும்பு முறிஞ்ச அந்தக் காயத்தை அரசுத் தரப்பு மூடி மறைச்சா, கேஸே ஆட்டம் கண்டுடலாம். குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவரோட பலத்த காயத்துக்கு விளக்கம் வேணும்னு 1976-ல லட்சுமி சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. சின்னக் கீறலுக்கு இது செல்லாது. அதனால கைதான உடனே நடக்குற மருத்துவப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க. நகல் கொடுக்கணும்னு அதே சன்ஹிதாவோட 53-வது பிரிவே சொல்லுது. உள்நோயாளி ரெக்கார்டை மூணு வருஷம் வெச்சிருக்கணும்னுதான் நெறிமுறை விதி. கேஸ் அதுக்குள்ள முடியும்னு நம்பாதீங்க.

(காட்சி: ஏர்வாடி தர்கா வாசல்.)

ரெக்கார்டே இல்லாதவங்களும் இருக்காங்க. மனநலம் சரியில்லாம செஞ்சாருன்னு வாதாடணும்னா, எது குற்றம்னு சொல்ற பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 22-வது பிரிவு. நிரூபிக்கிற பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மேல. ஆனா மனநலம் சரியில்லாத புள்ளைய டாக்டர்கிட்ட காட்டாம, தர்காவுல குணமாகும்னு நம்பி ஏர்வாடியில மாசக்கணக்கா தங்க வெச்ச குடும்பத்துகிட்ட எந்த ஓ.பி. சீட்டு இருக்கும்? அப்போ சம்பவத்துக்கு முன்னாடி, அந்த நேரத்துல, அதுக்கு அப்புறம் அவர் எப்படி நடந்துக்கிட்டாருன்னுதான் கோர்ட் பாக்கும். தங்கியிருந்த ரூம் ரசீதும், கூட இருந்து சோறு ஊட்டின அக்காவோட சாட்சியமும்தான் அவங்களுக்குக் கேஸ் ஷீட்.